களைத்துப்போன கைகள்

பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்றிருந்த ஒரு பங்கில், ஞாயிறு காலைத் திருப்பலிக்குத் தவறாமல் வரும் இளம் செவிலி ஒருவர் இருந்தார். இரவுப் பணி முடித்து, வீட்டுக்கும் போகாமல் நேரே கோவிலுக்கு வருவார். கடைசி வரிசையில் அமர்வார். மறையுரை தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் தலை சாய்ந்துவிடும்.

ஒரு ஞாயிறன்று, நோயாளரிடம் எரிந்து விழும் மருத்துவமனைப் பணியாளரைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அன்பு குறைந்துவிட்டது, தியாக உணர்வு மங்கிவிட்டது என்பதே என் உரையின் சாரம். அன்று அவர் உறங்கவில்லை போலும். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தியாகம் பண்ண நான் மாட்டேன்னு சொல்லலை, சாமி. ராத்திரி முப்பது பேருக்கு நான் ஒருத்தி. மூணு பேர் ஒரே நேரத்துல கூப்பிட்டா யார்கிட்ட முதல்ல போறது? அதை மட்டும் சொல்லுங்க."

என்னிடம் விடை இல்லை. குருமடத்தில் நான் கற்ற இறையியலில் துன்பத்தின் பொருளைப் பற்றி நிறைய இருந்தது. துன்புறுவோரைப் பேணுகிறவரின் களைப்பைப் பற்றி மிகக் குறைவாகவே இருந்தது. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வரலாற்றைப் புரட்டியபோது கண்டவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நினைவுக்கு வருபவர் புனித கமில்லஸ் தெ லெல்லிஸ். 1550ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். இளமையில் போர்வீரர், சூதாட்டத்துக்கு அடிமை. காலில் ஏற்பட்ட ஆறாத புண்ணுக்கு மருத்துவம் தேடி, 1571இல் உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்தார். அங்கேயே வேலையாளாகவும் இருந்தார். சண்டையும் சூதும் விடாததால் வெளியேற்றப்பட்டார். 1575இல் மனம் மாறிய பின் அதே மருத்துவமனைக்குத் திரும்பி, நாளடைவில் அதன் மேலாளரானார். கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள் நோயாளரைக் கைவிட்டுத் திரிவதை அன்றாடம் கண்டார். கூலிக்காக அன்றி அன்புக்காக உழைக்கும் ஒரு குழுவை அமைக்கும் எண்ணம் 1582இல் அவருள் உதித்தது. 1586இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அக்குழுவை அங்கீகரித்தார். 1591இல் அது துறவற சபையாக உயர்ந்தது. நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் பேணுவதுபோல் நோயாளரைப் பேண வேண்டும் என்பது கமில்லஸ் தம் தோழர்களுக்கு வகுத்த நெறி.

இதுவரை நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. 1588இல் கமில்லஸ் நேப்பிள்சுக்கு அழைக்கப்பட்டார். அங்கே கொள்ளைநோய் கண்ட கப்பல்களில் ஏறிப் பணியாற்றிய அவருடைய தோழர்களில் இருவர் அந்நோய்க்கே பலியாயினர். பின்னர், மிலான் போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் முழுப் பணியையும் சபையே ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. கமில்லஸ் ஏற்கவே விரும்பினார். சபையின் ஆலோசகர்கள் தயங்கினர். அத்தனை சுமையை அந்தத் தோள்கள் தாங்குமா என்பது சபைக்குள் நீண்ட விவாதமாயிற்று. 1607இல் அவர் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். அன்பில் குறையாத மனிதரிடையேயும் வேலையின் அளவு பற்றிய கேள்வி எழுந்தே தீரும் என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

இனி 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேண, 1854இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் ஸ்குட்டாரி சென்றார். அவர்களில் கத்தோலிக்க அருள்சகோதரிகளும் இருந்தனர். 1860இல் இலண்டன் புனித தோமா மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. செவிலிப்பணி மதிப்புக்குரிய தொழிலாயிற்று. ஒழுங்கும் தூய்மையும் வார்டுகளுக்குள் நுழைந்தன. ஆனால் இம்முறை பரவப் பரவ ஒரு பழக்கமும் வேரூன்றியது. பயிற்சி பெற வந்த மாணவியரே வார்டு வேலைகளின் பெரும்பகுதியைச் செய்தனர். கற்பவரும் அவரே, உழைப்பவரும் அவரே. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதியபோது பெரும்பாலும் கற்றலே தோற்றது.

அந்த மோதல்தான் ஒரு நூற்றாண்டுக்குப் பின் இலண்டனின் ஒரு பெரிய மருத்துவமனையைத் திணறவைத்தது. ஏறத்தாழ 700 படுக்கைகள். ஏறத்தாழ 700 செவிலியர். இவர்களில் முழுப் பயிற்சி பெற்றவர்கள் சுமார் 150 பேரே, மற்றவர்கள் மாணவியர். மாணவியரை எந்த வார்டுக்கு எப்போது அனுப்புவது என்பதே தீராத சிக்கலாகிவிட, நிர்வாகம் டவிஸ்டாக் மனித உறவு நிறுவனத்தின் உதவியை நாடியது. அங்கிருந்து வந்தவர்களில் ஒருவர் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். அவருடைய ஆய்வுக் கட்டுரை 1960இல் வெளிவந்தது.

பட்டியலைச் சீர்செய்யச் சென்றவர் பட்டியலுக்கு அடியில் கிடந்த ஒன்றைக் கண்டார்: அச்சம். செவிலியின் நாள் சாதாரண நாள் அன்று. புண்களைத் தொட வேண்டும். வலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இறப்போரின் அருகில் நிற்க வேண்டும். இரக்கமும் அருவருப்பும் குற்ற உணர்வும் ஒருசேர நெஞ்சில் எழும். இவற்றைப் பேசவும் ஆற்றவும் வழி செய்வதற்குப் பதிலாக, இவை எழாமலே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளை மருத்துவமனை தன்னை அறியாமலே செய்து வைத்திருந்தது.

ஒரு செவிலி சில நோயாளரை முழுமையாகக் கவனிப்பதில்லை. வார்டில் உள்ள ஏறத்தாழ 30 பேருக்கும் ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் செய்தாள். நோயாளர் பெயரால் அன்றி, படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிக்கப்பட்டனர். எவரோடும் ஒட்டுதல் ஏற்படுமுன் மாணவியர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டனர். சிந்தித்து முடிவு செய்ய வேண்டியவைகூட, வரிசை பிறழாமல் செய்ய வேண்டிய சடங்குகளாயின. ஒரு சிறு வேலையைப் பலர் திரும்பத் திரும்பச் சரிபார்த்தனர். பொறுப்பு படிப்படியாக மேலிடத்துக்கே போய்ச் சேர்ந்தது. கலங்கி அழுத மாணவிக்குக் கிடைத்தது ஆறுதல் அன்று. மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்ற கண்டிப்பே.

விளைவு என்ன? அச்சம் தீரவில்லை, ஆனால் பணியில் கிடைக்கும் மகிழ்ச்சி தொலைந்தது. ஒரு நோயாளி தேறி வீட்டுக்குப் போகும்போது, 'இவரை நான் பேணினேன்' என்று சொல்லிக்கொள்ள எவருமில்லை. தன் ஆற்றலுக்கு மிகக் கீழான வேலையை, மிகுந்த கெடுபிடியுடன் செய்வதாக மாணவியர் உணர்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர். பெரும்பாலோர் தாமே விரும்பிச் சென்றவர்கள். இதில் மென்சீஸ் கண்ட ஒன்று நம்மை உறுத்த வேண்டும்: வெளியேறியவர்களில் பலர் திறமையும் முதிர்ச்சியும் மிக்கவர்கள். நோயாளருக்காக நெஞ்சு கனிந்தவர்களையே அந்த ஏற்பாடு தாங்க முடியாமற் செய்தது.

இதைப் படித்தபோது என் பங்குச் செவிலியை நினைத்துக்கொண்டேன். அவரும் அடுத்த ஆண்டே அந்தப் பணியை விட்டுவிட்டார்.

சம்பளத்துக்காக வேலை செய்வோருக்குத்தான் இந்தச் சோர்வு என்று சிலர் எண்ணலாம். 1974இல் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் எழுதிய கட்டுரை அதை மறுக்கிறது. ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில், பகல் வேலை முடித்து இரவில் தொண்டாற்றியோரிடையே இருந்தவர் அவர். தம்மை முழுவதும் ஒப்புக்கொடுத்த தொண்டர்களே முதலில் வெறுமையாகிப்போவதைக் கண்டார். எண்ணெய் தீர்ந்த பின்னும் எரியும் திரி கருகுவதுபோன்ற அந்த நிலைக்குப் பெயரிட்டு, உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கமில்லஸ் காட்டிய அன்பு தேவையே. ஆனால் அன்புடையோரும் களைத்துப்போவர் என்பதை மறந்தால் அந்த அன்பையே கரித்துவிடுவோம்.

1979இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் கராசெக், அமெரிக்க, சுவீடன் நாட்டுத் தொழிலாளரின் தரவுகளைக் கொண்டு இன்னொரு முடிவுக்கு வந்தார். வேலை மிகுதியாக இருப்பது மட்டும் மனிதரை நசுக்குவதில்லை. வேலை மிகுதியாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதே பணியழுத்தம் உச்சமடைகிறது. 1988இல் ஜெஃப்ரி ஜான்சன், எல்லன் ஹால் என்னும் இருவர் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தனர்: உடன் நிற்பார் உண்டா, இல்லையா என்பது. 2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தக் கருகலைத் தன் நோய் வகைப்பாட்டில் குறித்தபோது, அதை நோய் என்று சொல்லாமல், பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது. பழுது பணியாளரின் நெஞ்சில் மட்டும் இல்லை. பணியின் அமைப்பிலும் உண்டு என்பதே இதன் பொருள் அன்றோ!

இப்போது அந்தச் செவிலியின் கேள்வியை மீண்டும் கேட்டுப் பாருங்கள். அவர் வேலையைக் குறைக்கும்படி என்னிடம் கேட்கவில்லை. மூவர் அழைக்கும்போது முடிவெடுக்கும் சுமையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் அருகில் இல்லை என்றார். நான் அதை அன்பின் குறைவாகக் கேட்டேன்.

அரசர் முதல் நூலில், களைத்துச் சோர்ந்து, சாவை வேண்டி, சூரைச் செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவைக் காண்கிறோம். வானதூதர் அவருக்கு முதலில் மறையுரை ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார், பிறகு இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். பயணம் நெடியது என்பதை அறிந்திருந்ததால் அவ்வாறு செய்தார். அழைப்பும் பணியும் அதற்குப் பின்னரே வருகின்றன.

நம் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் மருத்துவமனைகளை நடத்துகின்றன. நம்மில் பலர் அவற்றின் நிர்வாகக் குழுக்களில் இருக்கிறோம். இன்னும் பலர் அங்கே வேலை செய்கிறோம். அடுத்த கூட்டத்தில் புதிய கட்டடத்தின் வரைபடத்தோடு டியூட்டிப் பட்டியலையும் கேட்டுப் பார்ப்போம். இரவில் ஒருவருக்கு எத்தனை நோயாளர்? அவசரத்தில் அழைக்க மூத்தவர் ஒருவர் அருகில் உண்டா? ஒரு நோயாளி இறந்த இரவுக்குப் பின், அந்தச் செவிலி யாரிடமாவது மனம் திறந்து பேச முடிகிறதா? விடுப்புக் கேட்டால் அது குற்றமாகப் பார்க்கப்படுகிறதா? பக்தியைப் பற்றிப் பேசுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

நான் செய்யக்கூடியது சிறிது. நோயாளருக்கான மன்றாட்டில், அவர்களைப் பேணுவோரின் ஓய்வுக்காகவும் இப்போது மன்றாடுகிறோம். இரவுப் பணி முடித்து வந்தவர் எவரேனும் கடைசி வரிசையில் கண்ணயர்ந்தால், எழுப்ப வேண்டாம் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சைகை காட்டுகிறேன். மறையுரையையும் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன்.