தாருக்கு ஒட்டும் நெகிழி சிமென்ட்டுக்கு ஒட்டுமா?

நெகிழிக் கழிவைக் கொண்டு சாலை போடலாம் என்று செய்து காட்டியவர், மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன். 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே முதல் சாலை அமைந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

முறை எளிது. ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஜல்லியின் மீது, நறுக்கிய நெகிழித் துண்டுகளைத் தூவுகிறார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லின் மீதும் மெல்லிய ஏடாகப் படிந்த பிறகே தார் சேர்க்கப்படுகிறது. கல்லின் நுண்துளைகளில் நீர் புகாததால், மழையில் தார் பெயர்ந்து குழி விழுவது குறைகிறது. தாரும் மிச்சமாகிறது. பிவிசி மட்டும் கூடாது. சூடேறினால் நச்சு வாயு வெளியேறும்.

எருமப்பட்டி போன்ற பேரூராட்சிகளின் தெருக்களுக்குக் கான்கிரீட் என்றால் கணக்கு வேறு. தாரும் நெகிழியும் பெட்ரோலிய வழி வந்த உறவினர், ஒட்டிக்கொள்ளும். சிமென்ட்டோ நீருடன் வினைபுரிந்து இறுகுவது. வழுவழுப்பான நெகிழி அதனுடன் பிணைவதில்லை. மணலுக்குப் பதிலாக நெகிழித் துகளை மிகுதியாகக் கலந்தால் கான்கிரீட்டின் வலிமை குறையும். இழையாக்கிச் சிறிதளவு சேர்ப்பதே பலன் தரும்: பாலிபுரோப்பிலீன் இழைகள், கான்கிரீட் உலரும்போது தோன்றும் மயிரிழை விரிசல்களைக் கட்டுப்படுத்துகின்றன.

எந்த வழியானாலும் தேவைப்படுவது தூய, உலர்ந்த, தரம் பிரித்த கழிவு. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் நெகிழிப் பைகளுக்குத் தடை இருந்தும், சோறும் குழம்பும் ஒட்டிய பைகள் குப்பையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றைக் கையால் பிரிப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். நறுக்கும் இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கும் உள்ளாட்சிகள், அவர்களுக்கான கையுறையையும் கூடுதல் கூலியையும் அதே மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.