விரல் இடுக்கில் தொடங்கும் காய்ச்சல்: யானைக்கால் சிகிச்சை வந்த வழி

யானைக்கால் நோயாளியை வீக்கத்தைவிட அதிகமாக வதைப்பது அவ்வப்போது வரும் காய்ச்சல். குளிர் நடுக்கத்தோடு தொடை இடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து கொதிக்கும். சில நாள் வேலைக்குப் போக முடியாது. ஒவ்வொரு தாக்குதலிலும் நிணநீர்க் குழாய்கள் மேலும் கெட்டு, கால் இன்னும் பருக்கிறது. இந்த அழற்சிக்கு எது காரணம் என்ற கேள்விக்கு நெடுங்காலம் பெரும்பாலும் சொல்லப்பட்ட விடை: புழு. 1872-இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-இல் சீனத்தின் அமோயில் பாட்ரிக் மேன்சன் அவை கொசுவுக்குள் வளர்வதைக் காட்டினார். 1947-இல் நுண்புழுக்களைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரையும் கிடைத்தது. 1955-இல் தொடங்கிய தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ரத்தப் பரிசோதனை, மாத்திரை, கொசு ஒழிப்பு ஆகியவற்றையே நம்பியது. கூவம் ஓடும் பூந்தமல்லி வட்டாரம் போன்ற இடங்களில், சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவே முதல் எதிரியாகத் தெரிந்தது இயல்புதான். ஆனால் அந்தப் பார்வையில் நோயாளியின் பாதம் விடுபட்டுப்போனது.

1990-களில் பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா ட்ரேயரும் அவரது குழுவினரும் பாதத்தையே உற்றுப் பார்த்தார்கள். வீங்கிய காலின் விரல் இடுக்குகளில் ஈரம் தங்கி, தோல் வெளுத்து ஊறி, சேற்றுப்புண்ணாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் வழியே நுழையும் பாக்டீரியாக்களே பெரும்பாலான காய்ச்சலுக்குக் காரணம் என்பது அவர்கள் முடிவு. ஆலப்புழையிலும் வேலூரிலும் நடந்த ஆய்வுகள் இதை நம் மண்ணிலேயே உரசிப் பார்த்தன. காலை முறையாகப் பராமரித்தவர்களுக்குத் தாக்குதல்கள் குறைந்தன, டி.இ.சி. சேர்த்ததால் அந்தப் பலன் கூடவில்லை. பராமரிப்பு என்பது இவ்வளவே: தினமும் சோப்பும் சாதாரண நீரும் கொண்டு முழங்காலிலிருந்து கழுவ வேண்டும். ஒவ்வொரு விரல் இடுக்கிலும் மெல்லிய துணியை விட்டு, தேய்க்காமல் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். புண் இருந்தால் களிம்பு தடவ வேண்டும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும்.

அப்படியானால் மாத்திரை வீணா என்று கேட்கலாம். இல்லை. ரத்தத்தில் நுண்புழு உள்ளவரிடமிருந்து நோய் பரவாமல் தடுப்பது மாத்திரைதான். 2004 முதல் நாட்டில் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் ஆண்டுதோறும் அது மக்களுக்கு ஒட்டுமொத்தமாக வழங்கப்பட்டதன் நியாயம் அதுவே. வருங்காலத் தலைமுறையைக் காக்கும் அந்த மருந்து, ஏற்கெனவே வீங்கிவிட்ட காலின் காய்ச்சலை நிறுத்தும் என்று எதிர்பார்த்ததுதான் பிழை. சோப்பும் தண்ணீரும் ஏழைகளுக்கு எளிதா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் தினமும் கால் கழுவச் சொல்வது லேசான அறிவுரை அல்ல; குனிய முடியாதவருக்குக் கழுவிவிட இன்னொரு கையும் வேண்டும். ஆனால் இது சிகிச்சையைக் கைவிடக் காரணமாகாது. அதற்கு வேண்டிய பொருளையும் பயிற்சியையும் அரசே வீட்டுக்குக் கொண்டுபோகக் காரணமாகும். வீக்கம் முற்றிய நான்காம் நிலை நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அந்த நிலையை எட்டும் முன்பே தடுக்கும் செலவு ஒரு வாளி, ஒரு துணி, ஒரு சோப்பு. பூந்தமல்லி பொதுச் சுகாதார நிறுவனத்தில் பயிற்சி பெற்று ஊர்களுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள், மாத்திரைக் கணக்கு எடுக்கும்போதே நோயாளியின் விரல் இடுக்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.