கெடுத்தவரா, கெடுக்கிறவரா? - பாலாற்றங்கரையில் ஒரு பெயரெச்சம்

இங்கிலீஷ் இலக்கணத்துல நம்ம ஆளுங்க பலருக்கு ஆகவே ஆகாத பகுதின்னா அது அட்ஜெக்டிவ் கிளாஸ்தான். ஹூ, விச், தட், ஹூம், ஹூஸ்... ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்துல பக்கம் பக்கமா வரும். அதுலயும் கமா எங்க போடணும், எங்க போடக் கூடாதுங்கறது தனி இம்சை. இந்தக் கமாவுக்கும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகளுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா? இருக்குங்க. கொஞ்சம் இலக்கணம், மீதி வரலாறு. பொறுமையா படிங்க :-)

முதல்ல இலக்கணத்தை முடிச்சிடுவோம்.

இங்கிலீஷ்ல பெயரை முதல்ல சொல்லிட்டு, அப்புறம் ஒரு 'ஹூ' போட்டு விளக்கத்தை ஒட்டுவாங்க: 'தி மேன் ஹூ கேம்'. நாம விளக்கத்தை முன்னாடி வச்சு, பெயரைக் கடைசியில சொல்றோம்: 'வந்த ஆள்'. அந்த 'ஹூ' நமக்குத் தேவையே இல்ல. தொல்காப்பியம் காலத்துலேருந்தே இதுக்குப் பெயர் பெயரெச்சம். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், இந்த மொழிகளில் 'ஹூ', 'விச்' மாதிரியான இணைப்புச் சொல் கிடையாது, அந்த வேலையை எச்சமே பார்த்துக்கொள்கிறது என்று எழுதினார்.

இதுல நமக்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம்.

நஷ்டம் என்னன்னா கமா. 'ஆத்தைக் கெடுத்த டேனரிகள் காசு கட்டணும்' என்று ஒரு வாக்கியம். எல்லா டேனரியும் கெடுத்துச்சு, எல்லாமே கட்டணும்னு அர்த்தமா? இல்ல, எவை கெடுத்தனவோ அவை மட்டும் கட்டணுமா? தமிழ்ல இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். இங்கிலீஷ்ல 'விச்'சுக்கு முன்னால கமா போட்டா எல்லாருமே மாட்டினாங்க, கமா இல்லைன்னா கெடுத்தவங்க மட்டும். 1926-ல் வந்த ஃபௌலர் அகராதி இன்னும் ஒரு படி மேல போய், பிரிச்சுக் காட்டுறதுக்கு 'தட்', கூடுதல் தகவலுக்கு 'விச்' என்று வச்சுக்கலாமேன்னு யோசனை சொன்னது. ஊர் உலகம் முழுசா கேட்கல, அது வேற கதை.

லாபம் என்னன்னா காலம். 'ஹூ'வுக்கும் 'விச்'சுக்கும் காலம் கிடையாது, அதைச் சொல்ல இன்னொரு வினைச்சொல் வரணும். நம்ம பெயரெச்சத்துக்கு உள்ளயே காலம் இருக்கு: கெடுத்த, கெடுக்கிற, கெடுக்கும். இதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்குங்க.

இப்ப பாலாற்றுக்கு வருவோம்.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி - இந்த வரிசை முழுக்கத் தோல் ஊர்கள். ஒரு காலத்துல ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணினாங்க. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதனை செய்து பார்த்தார். 1970களில் பாதி பதம் செய்த தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்ததும், முழு வேலையும் இங்கேயே நடக்க ஆரம்பிச்சது. டாலரும் வந்தது, குரோமியமும் வந்தது. உப்பும் ரசாயனமும் கலந்த கழிவு நீர் வயல்லயும் ஆத்துலயும் இறங்கி, கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாம போச்சு.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. டேனரிகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் கணக்கெடுத்திருந்தது. தீர்ப்பில் அதுவும் பதிவாகி இருக்கு.

இப்ப அந்த உத்தரவுகளை நம்ம இலக்கணக் கண்ணாடி போட்டுப் பாருங்க.

முதல் உத்தரவு அபராதம். வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் உள்ள 'எல்லா' டேனரிகளும் ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டணும். 'கெடுத்த' என்ற அடைமொழியே இல்லை. அதனால 'நாங்க கெடுக்கலையே' என்று யாரும் நழுவ வழி இல்ல.

இரண்டாவது நஷ்ட ஈடு. இது கெடுத்தவர்களிடம் இருந்து மட்டும். யார் கெடுத்தது, யார் பாதிக்கப்பட்டது, எவ்வளவு என்று கணக்குப் போட மத்திய அரசு ஒரு ஆணையம் அமைக்கணும். அதாவது இங்கே கமா இல்லாத 'விச்'. ஒரே தீர்ப்பில் இரண்டு வகையும் இருக்கு.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு தொழிற்சாலை இன்னிக்குச் சுத்திகரிப்பு எந்திரம் வச்சிருக்கலாம். ஆனாலும் முன்னாடி அது கெடுத்ததுக்குக் காசு கட்டியே ஆகணும்னு தீர்ப்பு தெளிவா சொல்லுது. 'இப்ப நாங்க கெடுக்கிறது இல்லையே' என்ற பதில் செல்லாது. கெடுக்கிற டேனரி வேற, கெடுத்த டேனரி வேற.

இந்தத் தீர்ப்பால்தான் 'பொல்யூட்டர் பேஸ்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்துல நல்லா ஊன்றியது. அந்த 'பொல்யூட்டர்'ல பாருங்க, காலமே இல்லை. நேத்து கெடுத்தவனும் அவன்தான், இன்னிக்குக் கெடுக்கிறவனும் அவன்தான். அதனாலதான் பழைய பாக்கியும் உண்டுன்னு நீதிமன்றம் தனியா எழுத வேண்டி வந்ததோ என்று எனக்குத் தோணும். ஆனா நாம அதைத் தமிழ்ல எப்படி எழுதுறோம்? நான் பார்த்த வரைக்கும் 'மாசுபடுத்துபவர்' என்றுதான் எழுதுறாங்க. அது இறந்தகாலம் இல்லையே! வாணியம்பாடிப் பக்கம் ஒரு விவசாயிக்கு வேண்டியது 'மாசுபடுத்தியவர்'. கிணறு கெட்டது நேத்து, இன்னிக்கு இல்ல.

கதை அத்தோட முடியல. ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவைச் சொன்னது. வேலூர் மாவட்டத்தில் 547 டேனரிகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், 1991 முதல் 1998 வரையிலான சேதத்துக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய். பாருங்க, கணக்கு முழுக்க இறந்தகாலத்துல. வழக்கு மட்டும் நிகழ்காலத்துலயே ஓடிக்கிட்டு இருந்தது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு சொன்னது: இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு ஆறு வாரத்துக்குள் கொடுக்கணும், அப்புறம் மாசுபடுத்தியவர்களிடம் வசூல் பண்ணிக்கணும். முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவுல 28 வருஷம் போயிடுச்சு. பழைய வட ஆற்காடு இப்ப வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டமா ஆயிடுச்சு. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்னிக்குத் திருப்பத்தூர் மாவட்டம். 1991-ல் கிணத்துத் தண்ணியைக் காட்டிப் புலம்பின பெரியவங்கள்ல எத்தனை பேர் இந்தப் பணத்தைக் கண்ணால பார்த்திருப்பாங்க?

டேனரிகளை மூடிட்டா சரியாப் போச்சா என்றால், அதுவும் இல்லை. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு அடுப்பு எரியறதே தோலாலதான். அதனாலதான் யார் கெடுத்தது, எப்போ கெடுத்தது என்று பிரிச்சுச் சொல்ற சொல் முக்கியமாகுது. சொல் குழம்பினா கெடுத்தவன் தப்பிச்சிடுவான், இல்லேன்னா கெடுக்காதவனும் சேர்ந்து மாட்டுவான்.

நம்ம பாட்டிமார் இதை எப்பவோ சரியாச் சொல்லிட்டாங்க: வினை விதைத்தவன் வினை அறுப்பான். 'விதைக்கிறவன்' இல்ல, 'விதைத்தவன்'. பாடப்புத்தகம் எழுதுறவங்க, செய்தி மொழிபெயர்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அடுத்த தடவை அந்த ஒரு சொல்லை மட்டும் மாத்திப் பாருங்களேன். உங்களுக்கு வேற நல்ல சொல் தோணினா பின்னூட்டத்துல சொல்லுங்க, பேசுவோம்.