கதவைத் திறக்கச் சொன்ன ஓன் ஜாபார்

1946 மே 11. ஜொகூர் பாரு இஸ்தானா பெசார் அரண்மனையில் மலாய் அமைப்புகள் கூடி அம்னோ (ஐக்கிய மலாய் தேசிய அமைப்பு) கட்சியைத் தொடங்கின. தலைவர் டத்தோ ஓன் ஜாபார். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டிஷ் அரசு மலாயன் யூனியன் என்ற ஆட்சியமைப்பைக் கொண்டுவந்திருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அது நிலைக்கவில்லை. 1948 பிப்ரவரியில் மலாயாக் கூட்டரசு பிறந்தது. மலாய்க்காரர்களிடையே ஓனுக்கு நிகரான தலைவர் அன்று யாருமில்லை.

ஆனால் அவருடைய துணிச்சலை அறிய இன்னும் சற்றுப் பின்னால் போகவேண்டும். ஜப்பானியர் சரணடைந்த 1945-இல் பத்து பகாட்டில் மலாய்க்காரர்களும் சீனர்களும் மோதிக்கொண்டனர். அங்கே மாவட்ட அதிகாரியாக இருந்த ஓன், மலாய்ப் படைக்குத் தலைமை தாங்கிய கியாய் சாலேயை நேரில் சந்தித்து, சீனர்கள்மீது பாயாமல் தடுத்தார். இனம் இனமாகப் பிரிந்து கிடந்தால் நாடு என்னவாகும் என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

அம்னோவில் எல்லா இனத்தாரையும் சேர்க்கலாம் என்றார். ஸ்கூடாய் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழருக்கும் அதில் இடம் கிடைத்திருக்கும். கட்சிக்குள் கடும் எதிர்ப்பு. 1951 ஆகஸ்டில் விலகினார். துங்கு அப்துல் ரஹ்மான் தலைவரானார். செப்டம்பரில் ஓன் எல்லா இனத்தாருக்குமான மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். மலாயா இந்தியர் காங்கிரஸான ம.இ.கா. அவர் பக்கம் நின்றது.

அடி விழுந்தது 1952 பிப்ரவரியில். கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் 12 இடங்களில் அம்னோவும் மலாயா சீனர் சங்கமான ம.சீ.ச.வும் சேர்ந்த கூட்டணி 9-ஐப் பிடித்தது, ஓனுக்கு 2. அவரவர் கட்சியில் இருந்துகொண்டே கைகோப்பது, ஒரே கட்சியில் கலப்பதைவிட வாக்காளருக்கு எளிதாகத் தெரிந்தது. 1954-இல் ம.இ.கா.வும் அந்தக் கூட்டணிக்கே போய்விட்டது.

அதே ஆண்டு ஓன் பார்ட்டி நெகாராவைத் தொடங்கி, மலாய் வாக்குகளைத் தேடித் திரும்பினார். 1955 பொதுத் தேர்தலில் வாக்காளரில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. யாருக்காகக் கதவைத் திறக்கச் சொன்னாரோ அவர்களால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவரும் அவர்களை விட்டு விலகிவிட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பிறந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே தோற்றார். கூட்டணி 52-இல் 51 இடங்களை வென்றது.

1959-இல் கோலா திரெங்கானு செலாத்தான் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. உறுப்பினராக இருக்கும்போதே 1962 ஜனவரியில் காலமானார். தந்தையோடு அம்னோவை விட்டு வெளியேறிய மகன் உசேன் ஓன் 1968-இல் அதே கட்சிக்குத் திரும்பி, 1976-இல் பிரதமரானார்.