இரண்டு முறை உதித்த சூரியன்

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. நான்காண்டுகளுக்கு முன் தொடங்கியிருந்த சிட்னி–இங்கிலாந்து பறக்கும் படகுச் சேவைக்குச் சிங்கப்பூர்தான் நடுமுடிச்சு. முடிச்சு அவிழ்ந்ததும் தடமே அறுந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே வானம் எதிரியின் வசம். மிச்சமிருந்தது இந்தியப் பெருங்கடல் ஒன்றுதான். அதை ஒரே மூச்சில் தாண்ட எந்த விமானத்தால் முடியும்?

விடையாக வந்தவை ஐந்து கேட்டலினா கடல் விமானங்கள். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவுதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் தெற்கே, காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிவரை 5,600 கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் கையாட்கள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். காலியான இடத்தில் எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். தொட்டிகள் நிரம்பியபின் மூன்றே பயணிகளுக்கும் கொஞ்சம் தபாலுக்கும்தான் இடம் இருந்தது. அந்தப் பாரத்தோடு கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றாலும் கதை முடிந்துவிடும்.

1943-இல் சேவை தொடங்கியது. விமானத்தில் துப்பாக்கி கிடையாது. எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் வானொலியிலும் பேசக் கூடாது. ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். வழிகாட்ட நட்சத்திரங்கள் மட்டுமே. அல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா என்று ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே சூட்டினார்கள். எதை நம்பிப் பறந்தார்களோ அதன் பெயரையே விமானத்துக்கும் வைத்தார்கள் என்பது இன்றைக்கும் நெஞ்சைத் தொடுகிறது. எதிர்க்காற்று பலமாக அடித்த ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீண்டது. ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்தது. அதைக் கண்ட பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று ஒரு சான்றிதழே தந்தார்கள்.

இரண்டு ஆண்டுகளில் 271 முறை கடலைத் தாண்டினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. போர் முடிந்தது. கடனாக வந்த அந்த விமானங்களை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தரவில்லை. எந்தக் கடலைத் தாண்டி வென்றனவோ, அதே கடலில் பெர்த்துக்கு அருகே நான்கை மூழ்கடித்தார்கள். அவற்றோடு, நடுவில் இறங்காமல் நெடுந்தூரம் பறக்கும் கனவும் மூழ்கியதாகவே தோன்றியது.

1947-இல் கான்ஸ்டலேஷன் விமானம் பல ஊர்களில் இறங்கி ஏறி, நான்கு நாளில் சிட்னியிலிருந்து லண்டனைத் தொட்டது. ஜெட் காலம் வந்தும் நடுவில் இறங்காமல் முடியவில்லை. 1989-இல் ஒரு போயிங் 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நிற்காமல் பறந்தது. ஆனால் அதில் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லை. எரிபொருளை மிச்சம் பிடிக்க, ஓடுபாதைவரை அதை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. நிறைந்த விமானத்தால் அது ஆகுமா என்ற கேள்வி மேலும் 29 ஆண்டுகள் தொங்கியது.

2018 மார்ச் 24. அதே பெர்த், அதே குவாண்டாஸ். பொழுது சாய்ந்த பின் 200-க்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு போயிங் 787 மேலெழுந்தது. பெர்த்–லண்டன் வழியின் 14,498 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரக் கணக்கு அன்றுதான் பிறந்தது. இரவோடு இரவாகப் பறந்த அந்த விமானம், விடிவதற்குள் ஹீத்ரோவில் இறங்கிவிட்டது. வழியில் ஒரு முறைகூடச் சூரியன் உதிக்கவில்லை.