பீடிச் சுளகும் பள்ளிக்கூடமும்

கெட்ட சகவாசத்தால் வருவது புகைப்பழக்கம் என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடல், மேலப்பாளையம் பிள்ளைகள் புகையிலையை முதலில் பார்த்தது அம்மாவின் மடியில் இருந்த சுளகில், அதாவது முறத்தில். பீடி சுற்றியவளின் மகள் நான். ஆசிரியையாகவும் இதைப் பார்த்தேன்.

தறி நலிந்த மேலப்பாளையத்திலும், ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு ஊர்களிலும் பெண்களுக்கு வீட்டிலேயே கிடைத்த வேலை பீடி. வடநாட்டு இலையை நனைத்து, அளவாக நறுக்கி, புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரத்தை எட்டப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்தார்கள். சின்னவர்கள் முனை மடக்குவார்கள், பெரியவள் சுற்றுவாள், பையன் பீடிக்கடைக்குக் கொண்டுபோவான். பெண் பார்க்க வருகிறவர்கள், "பிள்ளைக்குப் பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்பார்கள். அதனாலேயே படிப்பை நிறுத்திய பெண்கள் உண்டு.

தூளில் உள்ள நிகோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். நாள் முழுக்க அந்த நெடியில் வளர்ந்த பையனுக்கு, சுளகிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைப்பது பெரிய தப்பாகத் தோன்றாது.

1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்கூடங்களில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலைக் குழந்தைகளுக்கு விலக்கினாலும், குடும்பத்தோடு செய்வதை அனுமதித்தது. இங்கே வேலை நடந்ததோ வீட்டுத் திண்ணையில்! ஆபத்தான தொழில்களுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று ஆனது 2016இல்தான். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டமும் கடைக்குத்தான். வீட்டுக்குள் இருக்கும் தூளுக்கு அல்ல.

பிள்ளைகளைச் சுளகிலிருந்து எழுப்பியது பள்ளிக்கூடம். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் 1956இல் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவு, 1976இல் வந்த பீடித் தொழிலாளர் நல நிதியின் கல்வி உதவித்தொகை, விலையில்லா சைக்கிள் எல்லாம் சேர்ந்து பெண்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தன.

அதே பள்ளிக்கூடம் புகையிலையைப் பற்றிப் பேசும்போது அம்மாவைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. அவள் கூலியில்தான் அந்தப் பிள்ளை சீருடை போடுகிறது. அவளுக்கு வேறு வேலை, அதுவரை நியாயமான கூலி: இந்த இரண்டையும் கேட்காமல் பிள்ளையிடம் மட்டும் புகைக்க மாட்டேன் என்று உறுதிமொழி வாங்குவது நியாயமில்லை.