அமாவாசையில் பூட்டைப் பிரித்தவர்கள்

நான் சிறுவனாக இருந்தபோது திண்டுக்கல் நாகல் நகரில் மாதக் கணக்கே அமாவாசையை வைத்துத்தான். ஆசாரிமாரும் நெசவாளரும் அமாவாசையன்று தொழிலைத் தொடுவதில்லை என்பது தமிழ்நாட்டில் பரவலாக இருந்த வழக்கம். எங்கள் பக்கத்தில் சௌராஷ்டிரர் வீடுகளில் தறியும், எட்டி நடந்தால் பூட்டுப் பட்டறையுமாக இருந்ததால், அன்றைக்கு இரண்டு சத்தமும் சேர்ந்தே அடங்கிவிடும்.

காலையில் தர்ப்பணம், மதியம் இலைச் சாப்பாடு. அதற்குப் பிறகு அப்பா பட்டறைத் திண்ணையில் ஒரு பழைய வேட்டியை விரிப்பார். ரிப்பேருக்கு வந்த பூட்டுகளை முதல் நாளே ரிவெட் அறுத்து வைத்திருப்பார். அமாவாசையில் சுத்தியல் பிடிக்கக்கூடாது, அரம் பிடிக்கக்கூடாது. பார்க்கலாம். அதற்குத் தடையில்லை.

அந்தப் பார்வையை நான் பக்கத்திலிருந்து கண்டிருக்கிறேன். பல வருஷம் ஓடிய பூட்டின் லீவர் முழுக்கக் கறுத்திருக்கும். சாவியின் பல் உரசிய இடம் மட்டும் பளபளக்கும். பளபளப்பு ஒரு ஓரமாகவே விழுந்திருந்தால் சாவித் துளை கோணலாகப் போட்டது. இரண்டாவது லீவரில் மட்டும் தேய்மானம் அதிகம் என்றால், சாவியில் அந்தப் பல்லை ஆழம் போதாமல் அறுத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் சாவியை விளக்குக் கரியில் காட்டி உள்ளே விட்டுத் திருப்புவார். கரி எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வந்து உட்காருவார்கள். "மாமா, இது உங்க கை வேலைதானே? ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் பதமா காய்ச்சியிருக்கலாம்" என்று இளையவர் ஒருவர் சொல்வார். அப்பா மறுக்கமாட்டார். பூட்டை வாங்கி மறுபடி பார்ப்பார்.

கைவேலைப் பூட்டுக்கு இது மிக அவசியம். சங்கரலிங்க ஆசாரி குடும்பத்தார் தொடங்கி வைத்ததாக எங்கள் ஊரில் சொல்லிவரும் இந்தத் தொழிலில் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. மாங்காய்ப் பூட்டோ, மணியடிக்கும் பெல் பூட்டோ, ஒவ்வொன்றின் பல்லும் ஒருவர் கையால் அறுத்தது. அதன் குறை விற்கிற அன்று தெரியாது. பல வருஷம் கழித்து யாரோ ஒரு கடைக்காரர் திருப்பிக் கொண்டுவரும்போதுதான் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்க நேரம் ஒதுக்காத பட்டறை, அதே குறையை அடுத்த பூட்டிலும் வைக்கும்.

மில் தொழிலாளிக்கு ஓய்வு வேறு வழியில் வந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884-இலிருந்து போராடி, 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். அடுத்த வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது. பெரிய சாதனை அது. அந்த மனிதரை நாம் இன்னும் அதிகம் நினைக்க வேண்டும். ஆனால் மூன்று பேர், நாலு பேர் உட்கார்ந்து அரம் தேய்க்கும் பட்டறைக்கு அந்தச் சட்டம் வரவில்லை. 1948-ஆம் வருஷச் சட்டமும் மின்சாரம் இருந்தால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் என்றுதான் தொடங்கியது. எங்களுக்குச் சட்டம் அமாவாசைதான். மில்லின் ஞாயிறு உடம்புக்கு ஓய்வு தந்தது. எங்கள் அமாவாசை, அதோடு கூட, செய்த வேலையை நிதானமாகத் திரும்பிப் பார்க்கவும் இடம் தந்தது.

அந்த அமாவாசை மத்தியானம் எப்படிப் போனது? யாரும் தடுத்து நிறுத்தவில்லை. உருப்படிக் கூலி, அலிகாரிலிருந்து வந்த மலிவுப் பூட்டு, பெட்டிக்கணக்கில் கேட்கும் வியாபாரி, இந்த மூன்றுக்கும் நடுவில் மத்தியான நேரம் கரைந்தது. பூட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், கூலி இல்லாத பார்வைக்கு எப்படி உட்காருவார்? ரிப்பேர் பூட்டுகளும் வருவது குறைந்தது. மலிவுப் பூட்டு கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

இப்படித் திரும்பிப் பார்ப்பதைப் பற்றி 1983-இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷோன் ஒரு புத்தகம் எழுதினார். கட்டடக் கலைஞர்கள், மனநல மருத்துவர்கள் போன்றோர் தங்கள் வேலையை வேலைக்கு நடுவிலேயும் முடிந்த பிறகும் எப்படி யோசித்துத் திருத்துகிறார்கள் என்பது அதன் பொருள். இன்று ஆசிரியர் பயிற்சியிலும் நர்ஸ் பயிற்சியிலும் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பயிற்சி நேரத்துக்குள்ளேயே அடக்கம். பூட்டுத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் கிடையாது?

1957-இல் தொடங்கிய பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் எங்கள் ஊரில் உண்டு. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயரைக் காப்பாற்ற முத்திரை மட்டும் போதாது. மாதத்தில் அரை நாள், பழைய பூட்டைப் பிரித்துப் பார்ப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டும். இளையவர்கள் தொழிலில் தங்குவதற்கும் இதுவே வழி என்று நம்புகிறேன். பெட்டிக்கணக்கை எண்ணிக்கொண்டே இருக்கிற கைக்கு இந்தத் தொழிலில் பிடிப்பு வராது.

என் பட்டறையில் அமாவாசை மத்தியானத்துக்குக் கூலி உண்டு. சமீபத்தில் ஒரு குடோன் பூட்டைப் பிரித்தோம். லீவர்களுக்கு நடுவில் மழைத்தண்ணீர் தேங்கித் துருவேறியிருந்தது. எங்களில் வயதில் சின்னவன் அதைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கீழே ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிருமே" என்றான். வெளிவாசலுக்குப் போகும் எங்கள் பூட்டுகள் எல்லாவற்றிலும் இப்போது அடித்தகட்டில் அந்தத் துளை இருக்கிறது.